சேலம் வெயிலில் கர்ணப் புறா: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பறந்தபடியே குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறாவை வாங்கியவர்கள் முதலில் அண்ணாந்து வானத்தைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை கர்ணம் அடிக்கிறது, எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது, எவ்வளவு உயரம் போகிறது என்றே பேச்சு ஓடும். மார்கழி, தை மாதங்களில் அது சரி. பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டால் சேலத்தில் புறா வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது கூண்டை. காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை அந்தப் பெட்டிக்குள் பறவை எப்படி இருந்ததோ, அதை வைத்துத்தான் மறுநாள் காலை அது எப்படிப் பறக்கும் என்பது முடிவாகிறது. அதனால் பறக்கவிடும் முறை இந்தக் கட்டுரையில் பின்னால்தான் வரும். முதலில் நிழல், காற்று, தண்ணீர்.

நம் ஊர் அமைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் ஊர். கடற்காற்று இங்கே எட்டாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். பாறை மலைகளும் மொட்டை மாடிகளும் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு நல்லதும் உண்டு. கோடைப் பகலில் இங்கே காற்று உலர்ந்திருக்கிறது. சென்னைப் புறாக்காரர்களுக்கு இல்லாத வசதி அது. ஏன் என்று சொல்கிறேன்.

புறாவின் உடல் வெப்பம் இயல்பாகவே 41, 42 டிகிரி இருக்கும். வெளிக்காற்று 30 டிகிரியாக இருந்தால் உடம்புச் சூடு தானாகக் காற்றில் இறங்கிவிடும். வெளியே 40 ஆகிவிட்டால் அப்படி இறங்க வழி ஏறக்குறைய இல்லை. நீரை ஆவியாக்கித்தான் புறா தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியும். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து தொண்டையைப் படபடக்க வைத்து ஈரத்தை வெளியேற்றும். வெயிலுக்குப் படிப்படியாகப் பழகிய புறா, தோல் வழியாகவும் நிறைய நீரை ஆவியாக விடும். இந்தத் திறமை புறாவுக்கு மற்ற பல பறவைகளைவிட அதிகம். காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் வேகமாக நடக்கும், புறா தாக்குப்பிடிக்கும். புழுக்கம் கூடினால் அந்த வழியும் அடைபடும். ஆக, பறவைக்கு வேண்டியவை மூன்று: குடிக்கத் தண்ணீர் தீராமல் இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும், வெயிலுக்கு மெல்ல மெல்லப் பழக அவகாசம் வேண்டும்.

ஆங்கிலத்தில் ரோலர் எனப்படும் கர்ணப் புறாவின் பேர்பெற்ற வகை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் உருவானது. அதனால் அதைப் பற்றிப் பேசும் வெளிநாட்டுக் காணொளிகளில் பாதி யோசனை குளிருக்கானது. குளிர்காற்று புகாமல் அடையுங்கள், கொழுப்புள்ள தீனி கொடுங்கள், பெட்டியை நெருக்கமாக வையுங்கள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சித்திரை மாதத்துச் சூரமங்கலத்துக்கும் கொண்டலாம்பட்டிக்கும் அதை அப்படியே எடுக்கக் கூடாது.

எப்போது வாங்குவது

கார்த்திகை கடைசியிலிருந்து தை வரை வாங்குங்கள். அப்போது வாங்கிய குஞ்சு பங்குனிக்குள் கூண்டைப் பழகி, கூட்டமாகப் பறக்கக் கற்று, வெயிலோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். 5, 6 வாரக் குஞ்சாக, இதுவரை வேறு எங்கும் பறக்காததாக வாங்குவது நல்லது. பறந்து பழகிய பெரிய புறாவைத் திறந்துவிட்டால் பழைய இடம் தேடிப் போய்விடும். கர்ணப் புறாவுக்கு, தொலைவிலிருந்து வீடு திரும்பும் ஹோமர் புறாவைப் போல வெகுதூரம் வழி கண்டுபிடிக்கும் திறமை இல்லை. பாதி வழியில் எங்கோ ஒரு மாடியில் தண்ணீருக்கு இறங்கி நின்றுவிடும்.

ஏற்காட்டில் வளர்ந்த புறாவைச் சித்திரையில் சேலத்துக்கு இறக்காதீர்கள். இரண்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். வெப்பம் ஏறத்தாழ 8 டிகிரி மாறும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பறவைக்கு ஒரே நாளில் இந்தச் சூடு தாங்காது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் குறைந்தது மூன்று வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே மாடிக் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிதாக வந்த எந்தப் புறாவையும் இரண்டு, மூன்று வாரம் தனியாக வையுங்கள். கழுத்து திருகுதல், பச்சையாகக் கழிதல், வாய்க்குள் மஞ்சளாகப் படை கட்டுதல், கண்ணோரத்திலும் அலகோரத்திலும் அம்மைக் கொப்புளம் என்று எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகு சேர்க்கலாம். இது எந்தப் பருவத்துக்கும் பொருந்தும். கோடையில் இன்னும் முக்கியம், ஏனென்றால் தண்ணீர்ச் சட்டி ஒன்றாகிவிட்டால் வாய்ப்புண் நோய் அதன் வழியே எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

கூண்டு

நான் பார்க்கிற மாடிக் கூண்டுகளில் மிகுதியானவை ஒரே தவறோடு நிற்கின்றன. கூரை தகரம். அடிப்பகுதி நேராக மாடித் தளத்தில். மூன்று பக்கம் அட்டை. முன்னால் மட்டும் கம்பி வலை, அதுவும் மேற்கு பார்த்து. இப்படி ஒரு பெட்டிக்குள் பிற்பகல் 3 மணிக்குக் கையை நுழைத்துப் பாருங்கள், வெளியே இருப்பதைவிட உள்ளேதான் சூடு அதிகம்.

சரி செய்ய அதிகப் பணம் தேவையில்லை. முதலில் பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தூக்குங்கள். ஹாலோ பிளாக் கல்லை நான்கு மூலையில் அடுக்கினாலே போதும். மாடித் தளம் கக்கும் சூடு நேராகப் பெட்டியில் ஏறாது, அடியிலும் காற்று போகும். பெட்டியின் முகம் கிழக்கு பார்த்து இருக்கட்டும். காலை இளவெயில் புறாவுக்கு நல்லது, இறகு காயும், பேன் குறையும். மேற்குப் பக்கம் முழுவதும் மறைப்பு. எதிரெதிர்ப் பக்கங்களில் வலை வைத்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்க வலை போதாது. கூரைக்குக் கீழே, மேல் விளிம்பை ஒட்டி நாலு விரல் இடைவெளியை வலையடித்து விடுங்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தகரத்தை மாற்ற முடியவில்லையா, அதன் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். இடைவெளி முக்கியம். கீற்றைத் தகரத்தின் மேலேயே போட்டால் சூடு இறங்கிவிடும். கீற்று கிடைக்காதவர்கள் பச்சை நிழல்வலையை இரண்டு அடுக்காகக் கட்டலாம். ஆனால் என் விருப்பம் கீற்றுதான். நிழல்வலை வெயிலை வடிகட்டுகிறது, கீற்று முழுதாகத் தடுக்கிறது. கூண்டைச் சுற்றி ஓர் ஆள் நடமாடும் அகலத்துக்கு மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வித்தியாசத்தை வெறுங்காலிலேயே உணரலாம்.

எத்தனை புறா வைக்கலாம்? குளிர்நாட்டில் நாலுக்கு நாலு அடிப் பெட்டியில் 20 வரை வைப்பார்கள். சேலத்துக் கோடைக்கு அதில் 10, மிஞ்சினால் 12. ஒவ்வொரு புறாவும் ஒரு சிறு அடுப்புதான். அருகருகே உட்கார்ந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றில் ஏறும். உட்காரும் தட்டுகளை உயரத்தில் மட்டும் வைக்காமல் கீழேயும் சில வையுங்கள். பகலில் பறவைகள் தானாகக் கீழே இறங்கிவிடும், அங்கேதான் சூடு குறைவு.

ஈரக் கோணிச் சாக்கைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். காற்று புகும் பக்க வலையில் சாக்கைத் தொங்கவிட்டு 11 மணிக்கும் 2 மணிக்கும் நனைத்தால், உலர்ந்த காற்று அதன் வழியே புகும்போது குளிர்ந்து வரும். முன்பு சொன்ன உலர்காற்றின் பயன் இதுதான். ஆனால் மாலையில் மேகம் கூடிப் புழுங்கத் தொடங்கினால் சாக்கை உடனே எடுத்துவிடுங்கள். புழுக்கத்தில் ஈரச் சாக்கு குளிர்விக்காது, உள்ளே இன்னும் ஈரத்தைத்தான் ஏற்றும். சித்திரை, வைகாசியில் இடி மழைக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம், உச்சி வெயிலைவிட ஆபத்தானது. அந்த நேரத்தில் ஒரு சின்ன மின்விசிறி செய்கிற உதவியை வேறு எதுவும் செய்யாது. விசிறியைப் பறவை மேல் நேராகத் திருப்பாமல், சூடான காற்றை வெளியே இழுக்கும்படி வையுங்கள். வயர் அலகுக்கு எட்டாத இடத்தில் போக வேண்டும்.

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகள் நிறைய இருப்பதால் கூரைமேல் நீர் தெளிக்கும் குழாய், பனித்துளி போலத் தெளிக்கும் நாசில் எல்லாம் நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கூரைமேல் தெளிப்பது நல்லது. கூண்டுக்குள் தெளிக்காதீர்கள். எச்சம் நனைந்தால் அம்மோனியா வாடையும் பூஞ்சையும் ரத்தக்கழிச்சலும் வரிசையாக வரும்.

தண்ணீர்

புறா தண்ணீர் குடிக்கும் விதம் கோழியைப் போல இல்லை. கோழி ஒரு மிடறு எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகை மூக்குத்துளை வரை தண்ணீரில் அமிழ்த்தி ஒரே மூச்சாக உறிஞ்சும். அதனால் சட்டியில் குறைந்தது ஒன்றரை அங்குல ஆழம் வேண்டும். வெயிலில் பாதி ஆவியாகி அடியில் அரை அங்குலம் நிற்கும் தட்டைப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதே என்று நினைத்துவிடக் கூடாது. பறவைக்கு அது எட்டாது.

நீல நிற பிளாஸ்டிக் குவளைகளைக் கோடையில் ஒதுக்கிவிடுங்கள். வெயில் பட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் சுடும், புறா வாயை வைத்துவிட்டு விலகிவிடும். மண்பானையே மேல். மேலே மூடி, பக்கத்தில் தலை மட்டும் நுழையும் துளைகள் இருக்கும்படி மண்பாண்டம் செய்பவரிடம் சொன்னால் செய்து தருவார். எச்சம் விழாது, தண்ணீரும் குளிர்ந்திருக்கும். இல்லாவிட்டால் அகலச் சட்டியின் மேல் ஒரு மரப்பலகைக் கூரை போட்டுக்கொள்ளலாம்.

சாதாரண நாளில் ஒரு புறா 30 முதல் 60 மில்லி வரை குடிக்கும். கத்திரி வெயிலில் அது இரண்டு மடங்கு, குஞ்சுக்குப் பால் ஊட்டும் ஜோடிக்கு அதற்கும் மேல். காலை, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று முறை மாற்றுங்கள். மேலே ஊற்றி நிரப்பினால் போதாது, பழையதைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக வைக்க வேண்டும். இரவிலும் தண்ணீர் இருக்கட்டும். பொழுது விடிந்ததும் புறா முதலில் தேடுவது அதைத்தான்.

சத்துநீர் விஷயத்தில் புதியவர்கள் அளவு மீறுகிறார்கள். மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கென்று விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கரைத்து, மிகச் சூடான நாளில் பகல் 12 முதல் 4 வரை மட்டும் வையுங்கள். மீதியைக் கொட்டிவிடுங்கள், சர்க்கரை கலந்த நீர் புளிக்கும். வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நேரமெல்லாம் வெறும் நீர். உடம்புக்குக் குளிர்ச்சி என்று சிலர் மோர் வைக்கிறார்கள், நான் வைப்பதில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. ஐஸ் தண்ணீரும் வேண்டாம். வினிகர் கலக்கும் பழக்கம் உள்ளவர்கள் தகரப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், அதன் துத்தநாகப் பூச்சு கரைந்து நஞ்சாகும்.

குளிக்க வைப்பதும் தண்ணீர்க் கணக்குத்தான். மூன்று, நான்கு அங்குல ஆழத்தில் ஒரு தட்டு, வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, காலை 9 மணி வாக்கில். உங்கள் கையால் நனைக்கத் தேவையில்லை, அவையே இறங்கிக் குளிக்கும். குளித்து முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைத்தான் அப்புறம் குடிக்கும். நிற்கும் தண்ணீரில் கொசுவும் வளரும், புறா அம்மையைப் பரப்புவது கொசு.

தீனி

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் தானியம் மொத்தமாக வாங்குவது மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். கோடையில் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வண்டு விழும். மழைச்சாரல் பட்டால் மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை அடித்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

கம்பு, வெள்ளைச்சோளம், கோதுமை மூன்றும் சேர்ந்து முக்கால் பங்கு. மீதியில் பச்சைப்பயறும் தட்டைப்பயறும். எந்தத் தீனியும் செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாக்கும், பயறு வகையில் அது கூடுதல். அதனால் பயறு குறைய வேண்டும், அடியோடு நிற்க வேண்டாம். ஒரு புறாவுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம். முக்கியத் தீனியை மாலை 5:30 மணிக்கு மேல், வெயில் இறங்கிய பிறகு போடுங்கள். செரிமானச் சூடு இரவில் போய்விடும். நண்பகலில் தட்டில் தானியம் கிடக்கவே கூடாது. சிப்பித் தூள், செங்கல் பொடி, அடுப்புக்கரி, கொஞ்சம் உப்பு சேர்ந்த கிரிட் (செரிமானத்துக்குப் புறா கொத்தும் கலவை) எப்போதும் ஒரு மூலையில் இருக்கட்டும்.

கோடையில் குஞ்சு எடுக்க வேண்டாம்

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சித்திரை, வைகாசியில் ஜோடிகளைப் பிரித்து வையுங்கள். புறா இரண்டு முட்டை இட்டு 17, 18 நாள் அடைகாக்கும். கூட்டின் சூடே உடல் வெப்பத்தைத் தொட்டுவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். பொரித்து வந்தாலும் இறகு முளைக்காத குஞ்சால் தன் வெப்பத்தைச் சமாளிக்க முடியாது. தாயும் தகப்பனும் இரண்டுமே தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் பால் சுரந்து ஊட்டுபவை, அந்தப் பாலில் பெரும்பகுதி அவற்றின் உடம்புத் தண்ணீர். ஒரு ஈத்துக் குஞ்சுக்காக நல்ல ஜோடியைக் கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம்? பிரிக்க இடம் இல்லையென்றால் முட்டையை எடுத்துவிட்டு மரமுட்டையோ பிளாஸ்டிக் முட்டையோ வையுங்கள். வெறுமனே எடுத்தால் உடனே மறுபடி இட்டு உடம்பு தேயும்.

பறக்கவிடுவது

இப்போது வானத்துக்கு வருவோம். கர்ணம் என்பது விளையாட்டு வித்தை அன்று, பரம்பரையாக வரும் நரம்புக் குணம். பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகச் சுருண்டு, அடுத்தடுத்துச் சுழன்று இறங்கி, நிமிர்ந்து மறுபடி கூட்டத்தில் சேர வேண்டும். அந்த நிமிர்தலுக்கு உடம்பில் பலம் வேண்டும். நீர் வற்றிய, களைத்த பறவை சுழற்சியை நிறுத்த முடியாமல் தரையிலோ ஓட்டிலோ மோதிச் சாகும். நல்ல கர்ணக்காரப் புறாதான் முதலில் இப்படிப் போகும், ஏனென்றால் அதுதான் ஆழமாகச் சுழல்வது.

சூடான காற்றுக்கு அடர்த்தியும் குறைவு. 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்று சுமார் 6 சதவீதம் மெலிந்திருக்கும். அதே உயரத்தில் நிற்க இறக்கையை அதிகம் அடிக்க வேண்டும், அதனால் இன்னும் சூடு. வெயில் ஏறியதும் பாறைச் சரிவுகளிலிருந்து எழும்பும் வெப்பக்காற்று கூட்டத்தையே தூக்கிக்கொண்டு போய்விடும். கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி மாதிரி மலையடிவாரப் பக்கம் இருப்பவர்கள் 8 மணிக்கு மேல் ஒரு நாளும் திறக்கக் கூடாது.

மே மாதம் சேலத்தில் 6 மணிக்குச் சற்று முன்னே சூரியன் உதித்துவிடும். முதல் நாள் மாலையே யார் யார் பறப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இறக்கைத் தொங்கல், நீர்க்கழிச்சல், பறக்கும் இறகு உதிர்த்துக்கொண்டிருப்பது, முதல் முறை கர்ணம் அடிக்கப் பழகும் இளம்புறா, இவை எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். விடிந்ததும் பறவைகளுக்கு நாலைந்து மிடறு தண்ணீர் குடிக்கக் கொடுத்து, சட்டியை எடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். தீனி கிடையாது. இரைப்பை நிறைந்த புறா பறக்காது, இல்லையென்றால் மேலே போய் இறங்க மறுக்கும்.

ஏறியதும் நீங்கள் மாடியிலேயே நில்லுங்கள். டீ குடிக்கக் கீழே இறங்காதீர்கள். 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்குள் கூட்டமாகச் சுற்றுகிறதா, கர்ணம் அடித்தது உடனே கூட்டத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். கர்ணத்தின் எண்ணிக்கையை இப்போது எண்ண வேண்டாம். பின்தங்கிப் பறப்பது, வாயைத் திறந்தபடி பறப்பது, கூரை உயரத்தில் கர்ணம் அடிப்பது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அன்றைக்குப் போதும். இறக்குவதற்கு, வாலை விசிறிபோல் விரிக்கும் லக்கா புறா ஒன்று இரண்டு வைத்திருப்பது பெரிய உதவி. வெள்ளை லக்காவைக் கூண்டு மேல் விட்டு, தானிய டப்பாவைக் குலுக்கி, வழக்கமான விசிலையும் அடித்தால் கூட்டம் வட்டத்தைச் சுருக்கி இறங்கும். இந்தச் சத்தத்துக்கு அவை பழகியிருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு மாலைத் தீனிக்கும் டப்பாச் சத்தம் தவறக் கூடாது.

இறங்கியதும் முதலில் பானைத் தண்ணீர். 20 நிமிடம் கழித்து ஒரு கைப்பிடி கம்பு. 7 மணிக்கெல்லாம் எல்லாம் உள்ளே. ஒன்று குறைந்தால் நுழைவாயிலைத் திறந்தே வையுங்கள், கூண்டு மேல் தண்ணீர்ச் சட்டி கண்ணில் படும்படி இருக்கட்டும். வெயிலில் தொலைந்த புறா தீனியைவிடத் தண்ணீரைத்தான் தேடி இறங்கும். உங்கள் மாடிக்கு அடுத்தவர் புறா அப்படி வந்தாலும் தண்ணீர் கொடுத்து, விசாரித்துத் திருப்பிக் கொடுங்கள்.

மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை ஓடும் கத்திரியில் வாரம் இரண்டு முறை பறந்தால் போதும். விடியற்காலையிலேயே உங்களுக்கு வியர்க்கிற நாளில் கூண்டைத் திறக்காதீர்கள். மாலையில் விடலாமா என்று கேட்பார்கள். ஏப்ரல், மே மாலையில் நான் விடச் சொல்ல மாட்டேன். மலைமேல் மேகம் திரண்டு பத்து நிமிடத்தில் சூறைக்காற்று இறங்கும், கூட்டம் சிதறும், இருட்டும் நெருங்கிவிடும். வல்லூறு, பைரி போன்ற வேட்டைப் பறவைகளின் பயம் காலையிலும் மாலையிலும் உண்டு. மலையோரத்தில் பைரி அடிக்கடி தென்பட்டால் தினம் ஒரே நேரத்தில் திறப்பதை மாற்றுங்கள், அது நேரம் கற்றுக்கொள்ளும்.

சூட்டில் விழுந்த புறாவுக்கு

வாய் பிளந்து தொண்டை படபடக்க, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் எச்சரிக்கை. எல்லாம் ஒரே நேரத்தில் அப்படி நின்றால் கூண்டில் குறை. ஒன்று மட்டும் தரையில் படுத்தோ தள்ளாடியோ இருந்தால் உடனே கையில் எடுங்கள். நிழலான, காற்றோடும் அறைக்குக் கொண்டுபோய்க் கால்களையும் இறக்கைக்கு அடிப்பக்கத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் வேண்டாம், முழுக்க முக்கவும் வேண்டாம். அலகு நுனியைத் தண்ணீரில் வைத்தால், தெம்பு இருந்தால் தானே உறிஞ்சும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். புறாவின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அரை மணியில் நிமிராவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேறிய புறாவைப் பத்து நாள் பறக்கவிடக் கூடாது.

கோடையில் எச்சம் உடனே காய்ந்து தூளாகும். அதை உலர்ந்தபடி கூட்டினால் மூச்சில் ஏறும், புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு அந்தத் தூசுதான் காரணம். கூட்டுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பறவைகள் வெளியே இருக்கும் நேரமாகப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கூண்டு மாடியின் மறுகோடியில் இருக்கட்டும்.

மழை வந்த பிறகு

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன வெயில் கஷ்டம் பாதிகூட இல்லை. அங்கே எதிரி மூடுபனியும் ஈரமும். எதிர் மலை தெரியாத காலையில் கூண்டைத் திறக்காதீர்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வீடு இருந்தால் வல்லூறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குள் புறா போய்விடும், திறந்த வெளி வேண்டும்.

கீழே சேலத்தில், இரண்டு மூன்று நல்ல மழை பெய்து காலைக் காற்று குளிர்ந்ததும் உடனே பழையபடி ஒரு மணி நேரம் பறக்கவிட ஆசை வரும். ஒன்றரை மாதம் குறைவாகப் பறந்த தசை அதற்குத் தயாராக இருக்காது. முதல் வாரம் 10 முதல் 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் அரை மணி. பயறின் பங்கையும் அப்போதுதான் மெல்லக் கூட்டுங்கள். ஆனி, ஆடியில் காற்று பலமாக இருக்கும். மரக்கிளை வளைகிற அளவு காற்றடித்தால் கர்ணம் பாதியில் உடையும், பறவையும் எங்கோ ஒதுங்கும். அந்த நாட்களில் காற்று எழுவதற்கு முன்பே, விடிந்த கையோடு விட்டு இறக்கிவிடுங்கள். பிரித்து வைத்த ஜோடிகளை ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு சேர்த்தால் போதும்.